நாலாவது படி சீனி

ஆற்றுக்கு மேற்கே ஒரு மடம் இருந்தது. கோபுரம் கிடையாது, மணி கிடையாது. ஒரு கிணறு, ஒரு சமையல்கூடம், நாலு அறை, அவ்வளவுதான். அங்கே வருகிறவர்கள் பழமோ பூவோ கொண்டு வருவதில்லை. ஆளுக்கு ஒரு கைப்பிடி சீனி கொண்டு வருவார்கள். வாசலில் இருக்கும் பெரிய ஜாடியில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, குருபூசைக்கு முன்னால், அத்தனை சீனியையும் காய்ச்சிக் கற்கண்டாக்கி, வந்தவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுப்பார்கள். அதுதான் அங்கே பிரசாதம்.

மடத்தைப் பார்த்துக்கொண்டவர் உலகம்மை. வயது முப்பத்தெட்டு. அவருக்குச் சீடராக இருந்த தங்கப்பழத்துக்கு ஐம்பத்திரண்டு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். உலகம்மை தன்னைவிட வயதில் சின்னவர் என்றாலும் எல்லாரையும் போல அவரும் “அம்மை” என்றுதான் கூப்பிடுவார்.

தங்கப்பழத்துக்குப் பேச்சு திக்கும். அதிலும் சொந்தப் பெயரைச் சொல்வதுதான் பெரிய பாடு. மடத்துக்கு வந்த முதல் நாள், “உங்க பேரு?” என்று அம்மை கேட்டார். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அம்மை காத்திருந்தார். பாதியில் எடுத்துக் கொடுக்கவில்லை. வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. அன்றைக்கே தங்கப்பழம் தன் பையைச் சமையல்கூடத்து மூலையில் வைத்துவிட்டார். ஆச்சு, மூன்று வருஷம். திக்கல் இப்போது எப்போதாவதுதான் வரும்.

குருபூசைக்கு முப்பத்தைந்து நாள் இருக்கும்போது தங்கப்பழத்துக்கு அவர் ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அவர் நேராக அம்மையிடம் வந்தார்.

“அம்மை, குருபூசை அன்னைக்கு நான் வெளியூர் போயிட்டு வரட்டுமா?”

“எந்த ஊருக்கு?”

“ஏதாவது ஒரு ஊருக்கு.”

“யார் வாராங்க?”

தங்கப்பழம் தலையைச் சொறிந்தார்.

“மதினி. ஊர்க்காரங்க வேன் பிடிச்சு வாராங்களாம். அவளும் வாராளாம்.”

மதினி என்றது அவருடைய அண்ணன் மனைவி செல்லக்கனியை. தங்கப்பழத்துக்கு ஆறு வயதில் தாய் இறந்து போனாள். அதற்குப் பிறகு சோறு போட்டது, தலை துவட்டியது, காய்ச்சலில் பக்கத்தில் இருந்தது எல்லாம் மதினிதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அண்ணன் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே தங்கப்பழம் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு மதினி முகத்தை அவர் பார்க்கவில்லை.

“உங்களை வளர்த்தவங்கதானே?” என்றார் அம்மை.

“வளர்த்தவதான். எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. காலைத் தொட்டுக் கும்பிடணும், நன்றியோட இருக்கணும்னு. நானும் உள்ளே தேடிப் பாக்கேன், அம்மை. ஒண்ணும் இல்லை. அவ போட்ட சத்தம்தான் கேக்கு. இல்லாத நன்றியை எங்கே இருந்து எடுத்துச் சொல்ல?”

அம்மை வாசல் பக்கம் பார்த்தார்.

“ஜாடி நிறைஞ்சு கிடக்கு. பாகு காய்ச்சிருவோமா?”

“நான் கேட்டதுக்கு...”

“காதிலே விழுந்துச்சு. நல்ல பெரிய அண்டாவா எடுங்க.”

அதுவரை கற்கண்டு காய்ச்சிக்கொண்டிருந்த சமையல்காரர் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தங்கப்பழத்துக்கு இதுதான் முதல் தடவை. அண்டாவில் தண்ணீரை ஊற்றினார். ஒரு படி தண்ணீருக்கு இத்தனை படி சீனி என்று ஒரு கணக்கு உண்டு; அது அம்மைக்குத்தான் தெரியும். முதல் படியைப் போட்டுத் துடுப்பால் கிண்டினார். கரைந்தது. இரண்டாம் படி கரைவதற்குள் தோள் வலி எடுத்துவிட்டது. மூன்றாம் படி கரையவே இல்லை. எவ்வளவு கிண்டினாலும் சுற்றிச் சுற்றி வந்து அடியில் உட்கார்ந்தது.

“அம்மை, தண்ணி இதுக்கு மேல வாங்க மாட்டேங்கு.”

அம்மை எட்டிப் பார்த்தார்.

“லாரி ஓட்டினவர்தானே நீங்க? வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே தள்ளிக்கிட்டுப் போறீங்களே. அடுப்பைப் பத்த வைங்க.”

தங்கப்பழம் நாக்கைக் கடித்துக்கொண்டு விறகை மூட்டினார். தண்ணீர் சூடேற ஏற, அடியில் கிடந்த மூன்றாம் படி போன இடம் தெரியவில்லை.

“இன்னொரு படி போடுங்க.”

“இன்னுமா?”

“போடுங்க.”

நாலாவது படியையும் போட்டார். ஆவி எழும்பியது. துடுப்பை இரண்டு சுற்று சுற்றினார். அதுவும் போய்விட்டது. அண்டாவுக்குள் பாகு கண்ணாடி மாதிரி நின்றது. அடியில் இருந்த ஈயப்பூச்சின் கீறல்கூடத் தெரிந்தது.

“சீனி எங்கே?” என்றார் அம்மை.

“கரைஞ்சு போச்சு.”

“தேடிப் பாருங்களேன்.”

தங்கப்பழம் குனிந்து பார்த்தார். துடுப்பால் அடியைத் தடவிப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லை.”

“ஒண்ணும் இல்லையா?”

“இருக்கும், அம்மை. நானேதானே போட்டேன். கொதிக்கையிலே கண்ணுக்குத் தெரியலை.”

“சரி,” என்று சொல்லிவிட்டு அம்மை வேறு வேலை பார்க்கப் போனார்.

அடுத்த வேலை நூல். ஒவ்வொரு பானையின் வாயிலும் ஒரு குச்சியை வைத்து, அதிலிருந்து ஐந்தாறு நூல் பாகுக்குள் தொங்கும்படி கட்ட வேண்டும். போன வருஷத்து நூல்கள் பரணில் ஒரு கட்டாக இருந்தன. எடுத்துப் பார்த்தால் பழைய கற்கண்டுத் துணுக்குகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு, தூசியும் படிந்து கிடந்தன. தங்கப்பழத்துக்கு மனசு கேட்கவில்லை. குருபூசைப் பிரசாதத்துக்குப் போகிற நூல், எச்சில் துணி மாதிரி இருக்கலாமா? கிணற்றடிக்குக் கொண்டு போய் வெந்நீரில் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயப் போட்டார். நூல் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. அதைக் கட்டித் தொங்கவிட்டு, சூடான பாகை ஊற்றி, பானைகளைச் சுற்றி உமியைக் குவித்து, சூடு மெதுவாக இறங்கும்படி மூடி வைத்தார்.

பத்தாம் நாள் ஒரு பானையின் மூடியைத் திறந்தார்.

நூல்கள் அவர் கட்டியபடியே தொங்கின. ஒன்றிலும் ஒரு பொட்டுக்கூட இல்லை. கையை விட்டுப் பார்த்தார். அடியில் ஏதோ பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. அடுத்த பானையும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும்.

“அம்மை!”

அம்மை வந்தார். ஒரு நூலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“பளபளன்னு இருக்கே. என்ன செஞ்சீங்க?”

“வெந்நீர்ல ஊற வச்சுக் கழுவினேன். ரொம்பச் சுத்தமா.”

“எதைக் கழுவினீங்க?”

“தூசி. அப்புறம் பழைய துணுக்கு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதையும்.”

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

“ஆறின தண்ணியாலே நாலு படியையும் வச்சுக்க முடியாது. இறக்கி வச்சுத்தான் ஆகணும். எங்கே இறக்கும்? பழைய துணுக்கு மேலேதான் புதுசு வந்து உட்காரும். அது இல்லைன்னா, கண்ட இடத்திலே இறுகிப்போகும்.”

தங்கப்பழம் முகம் சுருங்கிப் போனது.

“நாசமாக்கிட்டேனா?”

“எதுவும் எங்கேயும் போகலை. திரும்பச் சூடு பண்ணுங்க.”

அடியில் இருந்த பாறையை உடைத்து, பாகோடு சேர்த்து அண்டாவில் போட்டு, மறுபடியும் அடுப்பேற்றினார்கள். சூடு ஏற ஏறப் பாறை கரைந்தது. பாகு மறுபடியும் கண்ணாடியானது. துணுக்குக்கு என்ன செய்வது? பழைய பிரசாத டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார் தங்கப்பழம். மூலையில் ஒட்டியிருந்த கற்கண்டுத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. ஒரு பிடிகூட இராது.

“இது போதுமா?”

“கடுகளவு போதும்.”

நூலைப் பாகில் நனைத்துத் தூளில் புரட்டி, காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மை ஒரு நூலைப் புரட்டியபடியே கேட்டார்.

“உங்க மதினியைப் பத்தி ஒரு துணுக்கு சொல்லுங்க.”

“நல்லதா ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னுதான் சொன்னேனே.”

“நல்லதா இருக்கணும்னு கேக்கலையே.”

தங்கப்பழம் யோசிக்கவே இல்லை. அது நாக்கு நுனியிலேயே இருந்தது.

“என்னை ஒரு நாளும் பேச விடலை, அம்மை. அதுதான் அவ. ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போவா. கடைக்காரன் என்னைப் பாத்துத்தான் கேப்பான். நான் வாயைத் திறக்குமுன்னே இவ அவன் மேல பாய்ஞ்சிருவா. ‘எடை சரியில்லை, தராசுத் தட்டிலே என்னத்த ஒட்டி வச்சிருக்கேரு, போன வாரமும் குறைச்சீரு’ன்னு. தெருவே திரும்பிப் பாக்கும். சண்டைக்காரி, சண்டைக்காரின்னு ஊரெல்லாம் பேரு. எனக்கு மானம் போகும். அண்ணன் பதினாறாம் நாளும் அப்படித்தான். ஊரே உட்காந்திருக்கு. வந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை நான் சொல்லணும், கூடப் பிறந்தவன். எந்திரிச்சு நின்னேன். ‘நீ உட்காருல, நான் சொல்லுதேன்’னு கையைப் பிடிச்சு இழுத்துட்டா. அன்னைக்குத்தான் கிளம்பினேன். நீங்க முதல் நாளே எனக்காகக் காத்திருந்தீங்க. அவ முப்பது வருஷத்திலே ஒரு நாள் காத்திருக்கலை.”

“அன்னைக்கு இங்கே உங்க பின்னாலே வரிசை நிக்கலையே,” என்றார் அம்மை.

தங்கப்பழத்துக்குப் புரியவில்லை.

“கடைக்காரன் உங்ககிட்ட என்ன கேப்பான்?”

“பேரு கேப்பான். கார்டைப் பதியதுக்கு.”

“நீங்க?”

“முதல் தடவை நான் தனியா போனேன். அப்போ எட்டு வயசிருக்கும். ‘த... த...’ன்னு நின்னேன். ‘என்ன தம்பி, தங்கமா, தகரமா?’ன்னு கேட்டான். வரிசையே சிரிச்சுது. அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டேன்.”

“மதினி வந்த பிறகு?”

“அதான் சொன்னேனே, சண்டை.”

“யாராவது சிரிச்சாங்களா?”

தங்கப்பழம் கையில் இருந்த நூல் அப்படியே நின்றது.

“இல்லை,” என்றார். “எல்லாரும் அவளைத்தான் பாத்தாங்க.”

அம்மை அடுத்த நூலை எடுத்துப் புரட்டினார்.

பாகு சற்று ஆறியதும் பானைகளில் மறுபடியும் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, உமியைக் குவித்தார்கள். “இனிமே யாரும் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது. அது பாட்டுக்கு ஆறட்டும்,” என்றார் அம்மை.

இரண்டு நாள் கழித்து, கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த தங்கப்பழம் கயிற்றை விட்டுவிட்டு வந்தார்.

“அம்மை, பஸ்ஸிலே கண்டக்டர்கிட்டயும் அவ சண்டை போடுவா. எனக்கு டிக்கெட் கேக்க வரும்போதுதான் போடுவா.”

“பானையைத் தொடலையே?”

“இல்லை.”

“சரி.”

அதற்கப்புறம் நாலாம் நாள்: “பள்ளிக்கூடத்திலே வாத்தியார் பாட்டுச் சொல்லச் சொன்ன அன்னைக்கெல்லாம், ஜன்னல் பக்கம் வந்து ‘ஏல, மாடு அத்துக்கிட்டு ஓடிருச்சு, வீட்டுக்கு வால’ன்னு கத்துவா. எங்க வீட்டிலே மாடே கிடையாது, அம்மை.”

அம்மை சிரித்தார்.

இன்னொரு நாள் காலையில் தங்கப்பழம் உமிக்குவியலுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மை அந்தப் பக்கம் போனபோது அவராகவே சொன்னார்.

“பதினாறாம் நாள் எந்திரிச்சு நின்னேன் இல்லையா? அன்னைக்கு என் தாடை பூட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. ஒரு எழுத்து வந்திருக்காது. அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அதுவரை ‘அவ’ என்று சொன்னவர் அன்றைக்கு ‘அவங்க’ என்றார். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அம்மை கவனித்தார்.

குருபூசை அன்று விடிந்ததும் பானைகளைத் திறந்தார்கள். நூலைப் பிடித்துத் தூக்கினால் கை கனத்தது. ஒவ்வொரு நூலிலும் கற்கண்டு கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. சில கட்டிகள் நெல்லிக்காய் பெரிசு. வெயில் பட்டதும் கண் கூசியது. தங்கப்பழம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

வெளியூருக்குப் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பத்து மணிக்கு வேன் வந்தது. மதினி இறங்குவதற்கு முன்பே அவர் குரல் இறங்கிவிட்டது.

“ஏ டிரைவரு, படியை இவ்வளவு உசரத்திலே வச்சா கிழவி எப்படிய்யா இறங்குவா? குதிக்கவா சொல்லுத?”

எழுபத்தொரு வயது. முதுகு கூனியிருந்தது. குரல் மட்டும் கூனவில்லை. பூசை முடிந்து பிரசாத வரிசையில் வந்து நின்றார். கொடுத்துக்கொண்டிருந்தது தங்கப்பழம். ஒவ்வொருவராக நகர, மதினி அவர் முன்னால் வந்துவிட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

தங்கப்பழம் வாயைத் திறந்தார். மூன்று வருஷத்தில் குறைந்திருந்த திக்கல் அத்தனையும் ஒரே நிமிஷத்தில் திரும்பி வந்தது.

“ம... ம... ம...”

கழுத்து நரம்பு புடைத்தது. வார்த்தை வரவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “சாமிக்கு மந்திரம் மறந்து போச்சு போல,” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மதினி சடாரென்று திரும்பினார்.

“ஏய்யா, யாரு மேல இடிச்சுக்கிட்டு நிக்கேரு? வரிசைன்னா இடைவெளி விட்டு நிக்கத் தெரியாதா? வேட்டியைப் பாரு, என் சேலையிலே சேத்தைப் பூசிக்கிட்டு...”

“நான் இடிக்கலையே, ஆத்தா...”

“இடிக்கலையா? அப்போ சுவரா வந்து இடிச்சுது? நாலு பேரு கூடுத இடத்திலே...”

வரிசை முழுக்க மதினியைப் பார்த்தது. ‘இது யாருப்பா, இப்படிச் சண்டைக்கு நிக்கு’ என்று யாரோ முணுமுணுத்தார்கள். தங்கப்பழத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

தங்கப்பழம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மதினியின் சேலையில் சேறே இல்லை.

அவர் தட்டிலிருந்து பெரிய கட்டியாக ஒன்றை எடுத்தார். அடுத்த வசைக்காக மதினி வாயைத் திறந்தபோது, அதை அப்படியே வாய்க்குள் வைத்துவிட்டார்.

மதினியின் சத்தம் நின்றது. கன்னம் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. என்ன நடந்தது என்று புரியாமல் விழித்தார்.

“ம... மதினி,” என்றார் தங்கப்பழம். “ரே... ரே... ரேஷன் கடை.”

யாரும் சிரிக்கவில்லை. மதினியும் எடுத்துக் கொடுக்கவில்லை. வாய் நிறையக் கற்கண்டு இருந்தது.

“அ... அந்தக் கடைக்காரன்... எ... எடை... சரியாத்தான் போட்டான், மதினி.”

மதினி கற்கண்டை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். அவருக்குப் பல் அதிகம் இல்லை. அதனால் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“எனக்குத் தெரியும்ல,” என்றார்.

அவர் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. கை நீண்டு வந்து தங்கப்பழத்தின் தாடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டியது.

“எதுக்குல அழுத? நகரு. பின்னாலே வரிசை நிக்கு.”

வேன் கிளம்பும்வரை இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்கள். பேசினது முக்கால்வாசி மதினிதான். நடுநடுவே தங்கப்பழத்துக்குத் திக்கும். திக்கினபோதெல்லாம் மதினி கற்கண்டை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சும்மா இருந்தார்.

சாயங்காலம் மடம் காலியாகிவிட்டது. அம்மை பானைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். தங்கப்பழம் நூல்களை ஒவ்வொன்றாகக் குச்சியிலிருந்து அவிழ்த்தார். உடைத்து எடுத்தது போக, கடுகளவு துணுக்குகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன.

“அம்மை.”

“ம்.”

“நன்றின்னு ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லலை. உங்ககிட்டயும் சொல்லலை.”

அம்மை அவர் கையிலிருந்த நூல்களைப் பார்த்தார்.

“கழுவாம எடுத்து வைங்க,” என்றார்.